நன்னடத்தை உத்தியோகத்தரின் சம்பளக் கடிதம் எந்தக் கதவுக்குப் போக வேண்டும்

போன மாதம் ஒரு தங்கச்சி களுவாஞ்சிக்குடியில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். நன்னடத்தை உத்தியோகத்தராக, அதாவது நீதிமன்றத்துக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிற வேலையில், சேர்ந்து ஆறு வருடம். கடைசி இரண்டு வருடச் சம்பள ஏற்றம் அவளுக்குக் கிடைக்கவில்லை. கையில் மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் வைத்திருந்தாள். யாருக்கு எழுதியிருக்கிறாள் என்று பார்த்தேன். பிரதேச சபைத் தவிசாளருக்கு.

"நெட்டில பாத்தன் அக்கா. எங்கட வேலைக்குச் சம்பளம் தீர்மானிக்கிறது உள்ளூராட்சி மன்றம்தான் எண்டு கிடக்கு" என்றாள்.

அவள் படித்தது பொய்யில்லை, ஆனால் அது அமெரிக்காவின் கதை. அங்கே சிறுவர் நன்னடத்தைப் பணி பல மாநிலங்களில் கவுண்டி என்ற உள்ளூராட்சியின் பொறுப்பு. கலிபோர்னியாவில் கவுண்டி மேற்பார்வையாளர் சபைதான் அந்த உத்தியோகத்தரின் சம்பளத்தை நிர்ணயிக்கிறது. டெக்சாசில் ஒவ்வொரு கவுண்டிக்கும் சிறுவர் சபை ஒன்று உண்டு. கவுண்டிப் பணமும் மாநில உதவியும் சேர்ந்துதான் அங்கே சம்பளமாகின்றன. அதனால் பக்கத்துக் கவுண்டியில் இதே வேலைக்கு வேறு சம்பளம் இருக்கலாம். நம் இலங்கையில் அப்படி இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, இரண்டு நகர சபை, ஒன்பது பிரதேச சபை என்று 12 உள்ளூராட்சி மன்றங்கள் உண்டு. இந்தப் பன்னிரண்டில் ஒன்றுக்கும் உங்கள் சம்பளத்தில் ஒரு சதம் கூட்டவோ குறைக்கவோ அதிகாரம் கிடையாது. 2025 மே மாதத் தேர்தலில் வந்த புது உறுப்பினர்கள் நல்ல மனதோடு "நான் கதைக்கிறன்" என்பார்கள். அந்தக் கதையை நம்பி நீங்கள் ஒரு மாதத்தை இழக்கக்கூடாது. ஏன் ஒரு மாதம் என்று குறிப்பாகச் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

நான் 1993 முதல் 2024 வரை இந்த வேலையில் இருந்தேன். அந்த 31 வருடத்தில் படித்ததை, இப்போது வேலையில் இருக்கிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் யாருடைய ஆள் என்று தெரிந்துகொள்ளுங்கள். இதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். பிரதேச செயலகத்தில் ஒரே அறையில் மூன்று மேசை இருக்கும். ஒன்றில் நன்னடத்தை உத்தியோகத்தர், அடுத்ததில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மூன்றாவதில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உத்தியோகத்தர். மூவரும் ஒரே பிள்ளையின் வீட்டுக்கு ஒரே முச்சக்கரவண்டியில் போவார்கள். ஆனால் நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத்தின் ஆள். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய அரசின் திணைக்களத்தின் ஆள். மூன்றாமவர் 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அதிகார சபையின் ஆள். பக்கத்து மேசைக்காரருக்கு நிலுவை வந்துவிட்டது, எனக்கு வரவில்லை என்று மனம் கொதித்துப் பயனில்லை. அவருடைய காசு வருகிற வழியே வேறு.

நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாணத்துக்கு வந்தது 13ஆம் திருத்தத்தால். 1987இல் வந்த அந்தத் திருத்தத்தின் மாகாண சபை நிரலில், சமூக சேவையும் புனர்வாழ்வும் என்ற தலைப்பின் கீழ் முதல் வரியே நமது வேலைதான். பழைய சட்டங்கள், அதாவது 1939இன் சிறுவர் இளைஞர் கட்டளைச் சட்டமும் 1944இன் நன்னடத்தைக் கட்டளைச் சட்டமும், நாம் நீதவான் முன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கின்றன. சம்பளம் அந்தச் சட்டங்களில் இல்லை. அதற்கு 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதன் 32ஆம் பிரிவு, மாகாணப் பொதுச் சேவை உத்தியோகத்தரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாவற்றையும் ஆளுநரிடம் கொடுக்கிறது. ஆளுநர் அவற்றை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம். ஆட்சேர்ப்புத் திட்டத்தை வகுப்பதும் ஆளுநர்தான், ஆனால் மத்திய அரசில் இதற்கு ஒத்த பதவிக்கு என்ன திட்டம் இருக்கிறதோ அதை இயன்றவரை பின்பற்ற வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஒன்பது மாகாணத்திலும் சம்பளம் ஒரே மாதிரி இருப்பதற்கு இந்த "இயன்றவரை" ஒரு பெரிய காரணம்.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்காததால், "சபையில் பேசச் சொல்லுங்கள்" என்று கேட்பதற்கு அங்கே உறுப்பினர் எவரும் இல்லை. ஆளுநரும் பிரதம செயலாளரும்தான் கதவுகள்.

சரி, இப்போது உங்கள் குறை எந்த வகை என்று பிரியுங்கள். கடிதம் எழுத உட்காருவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரே முக்கியமான வேலை இதுதான். சம்பள அளவே போதாது என்பது ஒரு வகைக் குறை. அந்த அளவைக் கொழும்பில் பொது நிருவாக அமைச்சின் சுற்றறிக்கை தீர்மானிக்கிறது. நமது திணைக்களத்தின் தலைவரான மாகாண ஆணையாளர் நினைத்தாலும் அதை மாற்ற முடியாது. அதற்குத் தொழிற்சங்கம் வேண்டும், வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்பே கோரிக்கை போக வேண்டும். அளவு சரி, ஆனால் அந்த அளவில் எனக்கு உரிய படியில் என்னை வைக்கவில்லை என்பது இன்னொரு வகை. சம்பள ஏற்றம், தரவுயர்வு, நிலுவை எல்லாம் இதில் அடங்கும். இதைத் தீர்க்க மாகாணத்துக்கு முழு அதிகாரம் உண்டு. அனுமதி எல்லாம் கிடைத்துவிட்டது, காசு இல்லை என்கிறார்கள் என்பது கடைசி வகை. மாகாணத்தின் பெரும் பணம் மத்திய அரசின் கொடையாக வருகிறது. எவ்வளவு கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 154R உறுப்புரையின் கீழ் உள்ள நிதி ஆணைக்குழு பரிந்துரைக்கிறது. நிலுவை பெரிய தொகையாக இருந்தால் அடுத்த வருட மதிப்பீட்டில் உங்கள் பெயரும் தொகையும் சேர வேண்டும். ஆகவே ஆண்டு நடுவிலேயே கணக்காளரிடம் போய், "என் நிலுவை அடுத்த வருட மதிப்பீட்டில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். திசம்பரில் கேட்டால் காலம் கடந்துவிடும்.

அந்தத் தங்கச்சியின் குறை இரண்டாவது வகை. அவள் மூன்று பக்கமும் விலைவாசியைப் பற்றி எழுதியிருந்தாள். எரிவாயு விலை, பிள்ளையின் பால்மா, வாடகை. அதெல்லாம் உண்மை, எனக்கும் வாசிக்க வயிறு எரிந்தது. ஆனால் சம்பள ஏற்றம் விழவில்லை என்று முறையிடுகிற கடிதத்தில் விலைவாசி வந்தால், வாசிக்கிறவர் அதை முதல் வகையில் போட்டுவிட்டு, "கொழும்பு தீர்மானிக்க வேண்டும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்.

கடிதத்துக்கு முன் கோவை. உங்கள் சுயவிபரக் கோவையைப் பார்க்கக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். நான் பார்க்கச் சொல்வது இவை: நியமனக் கடிதம், கடமையேற்ற திகதி, வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சையின் பெறுபேறு, இரண்டாம் மொழித் தேர்ச்சிச் சான்று, ஒவ்வொரு வருடச் சம்பள ஏற்றத்துக்கும் மேலதிகாரி கையொப்பமிட்ட படிவம். சம்பள ஏற்றம் தானாக வருவது அல்ல. கடந்த வருடம் திருப்தியாக வேலை செய்தார் என்று ஒருவர் எழுதித் தந்தால்தான் அது விழும். தடைதாண்டல் பரீட்சையை உரிய காலத்துக்குள் முடிக்காவிட்டால் ஏற்றம் பிற்போகும். பரீட்சையில் சித்தி, ஆனால் தாள் கோவையில் இல்லை என்றால் கணக்குப் பிரிவைப் பொறுத்தவரை நீங்கள் சித்தியடையவில்லை.

எனக்கு இது நடந்தது. இடமாற்றம் கிடைத்து நான் போன பிறகு, பழைய அலுவலகத்திலிருந்து என் கோவை வந்தது, பெறுபேற்றுத் தாள் வரவில்லை. இரண்டு வருடம் எனக்கு ஏற்றம் விழவில்லை. நானும் "வரும்தானே" என்று இருந்துவிட்டேன். கடைசியில் என் கையில் இருந்த பழுப்பேறிய போட்டோப் பிரதிதான் என்னைக் காப்பாற்றியது. அன்று முதல் எந்தத் தாளையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டில் பிளாஸ்டிக் உறையில் வைப்பேன். மட்டக்களப்பில் வெள்ளம் எத்தனை வீட்டுக் கடுதாசிகளைக் கொண்டுபோயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இப்போது கைத்தொலைபேசியில் படம் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

அப்புறம் சம்பளச் சீட்டு. வங்கியில் விழுந்த தொகையை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். 2025 ஏப்ரலில் நிறையப் பேர் குழம்பினார்கள். பொது நிருவாகச் சுற்றறிக்கை 10/2025 ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவுக்கு உயர்த்தியது. ஆனால் முன்பு தனி வரியாக வந்த இடைக்காலப் படியும் விசேட படியும் அடிப்படைச் சம்பளத்துக்குள் சேர்ந்துவிட்டன. அந்த வரிகளைக் காணவில்லை என்று வெட்டிவிட்டார்கள் என நினைத்தவர்கள் உண்டு. உயர்வும் ஒரே தடவையில் வரவில்லை. 5,000 ரூபாவும் மீதியில் 30 வீதமும் 2025 ஏப்ரல் முதல். மிச்ச 70 வீதம் இரண்டு சம பங்காக, 2026 சனவரியிலும் 2027 சனவரியிலும். வருடாந்தச் சம்பள ஏற்றத்தின் பெறுமதியும் 80 வீதம் கூடியது, ஆகக் குறைந்த 250 ரூபா 450 ஆனது. அதனால் ஒரு ஏற்றம் தவறினால் இழப்பு முன்னைவிடப் பெரிது. வாழ்க்கைச் செலவுப் படி 2024இல் 7,800இலிருந்து 17,800 ஆனதையும் உங்கள் சீட்டில் சரிபாருங்கள். சுற்றறிக்கையின் இணைப்பில் உங்கள் சம்பளக் குறியீட்டுக்கு உரிய அட்டவணை இருக்கும். குறியீடு நியமனக் கடிதத்தில் உண்டு. விரலை வைத்து உங்கள் படியை எண்ணுங்கள், எத்தனை ஏற்றம் விழுந்திருக்க வேண்டுமோ அத்தனை படி. சீட்டில் உள்ள எண் அதோடு பொருந்தாவிட்டால், எந்த வருடத்திலிருந்து பொருந்தவில்லை என்று பழைய சீட்டுகளைப் பின்னோக்கிப் பாருங்கள். அந்த வருடம்தான் உங்கள் கடிதத்தின் முதல் வரி.

பயணப்படி சம்பளம் இல்லை என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. களுவாஞ்சிக்குடியிலிருந்து மண்டூருக்கு ஒரு பிள்ளையைப் பார்க்கப் போக வேண்டும் என்றால் குருமண்வெளித் துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறுவேன். மோட்டார் சைக்கிளையும் பாதையில் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்தால் கொஞ்ச நேரத்தில் மேற்குக் கரையான படுவான்கரை. காற்றோ வெள்ளமோ என்று பாதை ஓடாத நாளில் பட்டிருப்புப் பாலத்தால் போரதீவு, வெல்லாவெளி என்று சுற்றிப் போக வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகவும் இதே பாடுதான். பயணப்படி மாதக்கணக்கில் வராமல் போனால் முதலில் குறைவது வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. அப்படிக் குறைந்தால், நீதவானுக்கு நாம் கொடுக்கும் சமூக அறிக்கையில் அந்தப் பிள்ளையின் வீடு இருக்காது. பிள்ளையின் தலைவிதியை எழுதுகிற அறிக்கை அது. ஆகவே பயணப்படியைக் கேட்பதற்கு ஒருபோதும் கூச்சப்படாதீர்கள்.

கேட்பதற்கு ஒழுங்கு உண்டு. அரச ஊழியருக்கான விதிப் புத்தகமான தாபன விதிக்கோவையின் 14ஆம் அத்தியாயம் பயணச் செலவைப் பற்றியது, 7ஆம் அத்தியாயம் சம்பளத்தைப் பற்றியது. இரண்டையும் போட்டோப் பிரதி எடுத்து வைத்திருங்கள். அன்றன்று நாட்குறிப்பில் புறப்பட்ட நேரம், போன இடம், தூரம், திரும்பிய நேரம் எழுதுங்கள். ஒரே ஊருக்கு இரண்டு வேறு தூரம் வந்தால் கணக்காய்வு கேள்வி கேட்கும். "பாதை ஓடவில்லை, பட்டிருப்புப் பாலத்தால் சென்றேன்" என்று அதே நாளில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் ஏற்கனவே இருக்கும். மூன்று மாதம் கழித்து நினைவில் எழுதினால் நீங்களே குழம்புவீர்கள்.

இனிக் கடிதம். ஒரு பக்கம் போதும். தமிழில் எழுதுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. அந்தத் தங்கச்சிக்கு நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

மாகாண ஆணையாளர்,
நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம்,
கிழக்கு மாகாணம், திருகோணமலை.
(உரிய மேலதிகாரி ஊடாக)

இரண்டு ஆண்டுகளுக்கான சம்பள ஏற்றம் வழங்கப்படாமை

நான் மேற்படி திணைக்களத்தில் இன்ன திகதி முதல் நன்னடத்தை உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். எனது சம்பள ஏற்றத் திகதி இன்னது. இன்ன இரு ஆண்டுகளுக்கான ஏற்றம் எனக்கு வழங்கப்படவில்லை. தடைதாண்டல் பரீட்சையில் இன்ன திகதியில் சித்தியடைந்தேன், பெறுபேற்றின் பிரதி இணைப்பு 1. குறித்த இரு ஆண்டுகளின் சம்பளச் சீட்டுகள் இணைப்பு 2. உரிய ஏற்றங்களை வழங்கி, நிலுவையைக் கணித்துத் தருமாறும், வழங்க முடியாதெனில் காரணத்தை எழுத்தில் அறியத் தருமாறும் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காரணம் எழுத்தில் வந்தால்தான் அதற்கு எதிராக மேன்முறையீடு செய்யலாம். மேலதிகாரி ஊடாக அனுப்புங்கள், கூடவே ஒரு முற்பிரதியை நேராகத் திருகோணமலைக்குப் பதிவுத் தபாலில் போடுங்கள். அதில் "முற்பிரதி" என்று மேலே எழுதினால் ஒழுங்கு மீறியதாக யாரும் சொல்ல முடியாது. தபால் பற்றுச்சீட்டை உங்கள் பிரதியின் பின்னால் ஒட்டுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டால் நினைவூட்டல், முதற் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு. அதற்கும் பதில் இல்லாவிட்டால் பிரதம செயலாளருக்கு. நியமனம், தரவுயர்வு சம்பந்தப்பட்டது என்றால் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கு. அந்த ஆணைக்குழுவின் நியமன, இடமாற்ற, ஒழுக்காற்றுக் கட்டளைகளை மாற்றும் அதிகாரம் ஆளுநருக்கு உண்டு.

கோவையைக் காட்ட மறுத்தால், அல்லது "அனுப்பிவிட்டோம், அங்கே கேளுங்கள்" என்று இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று காட்டினால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாகாணத் திணைக்களங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. "என் சம்பள ஏற்றம் ஏன் தரவில்லை?" என்று கேட்காதீர்கள், அது விளக்கம் கேட்பது. "இன்ன இரு ஆண்டுகளின் சம்பள ஏற்றப் படிவங்களின் பிரதி", "என் பெறுபேறு கோவைக்குக் கிடைத்த திகதி" என்று ஆவணத்தைக் கேளுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. என் அனுபவத்தில் முதல் விண்ணப்பம் போனதும் காணாமல் போன தாள் பாதி தடவை கிடைத்துவிடும்.

இப்போது அந்த ஒரு மாதம். உங்களோடு ஒரே நாளில் சேர்ந்து, ஒரே தகைமை உள்ளவருக்குக் கொடுத்து உங்களுக்கு மறுத்தார்கள் என்றால் அது சமத்துவ உரிமைப் பிரச்சினை. உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போட அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரு மாதம் மட்டுமே. மறுப்புக் கடிதம் கையில் கிடைத்த நாளை எழுதி வையுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. அம்பாறைக் கரையோரப் பிள்ளைகள் கல்முனைக்கே போகலாம். வழக்கு என்று போகும் நிலை வந்தால் நிருவாகச் சட்டம் தெரிந்த சட்டத்தரணியிடம் போங்கள், காணி வழக்குப் பார்க்கிறவரிடம் அல்ல.

ஒரு விடயம் வயது போனவர்களுக்கு. ஓய்வூதியம் கடைசியாக நீங்கள் நின்ற சம்பளப் படியை வைத்துக் கணிக்கப்படும். 1990களில் தவறிய ஒரு ஏற்றம் அப்படியே வந்து ஓய்வூதியத்திலும் உட்கார்ந்துவிடும். 2007 சனவரியில் வடக்கும் கிழக்கும் வேறு மாகாணங்களாகப் பிரிந்தபோது பணியில் இருந்தவர்கள், அதற்கு முந்திய தாள்கள் எல்லாம் தங்கள் கோவையில் இருக்கின்றனவா என்று ஓய்வுக்கு இரண்டு வருடம் முன்பே எண்ணிப் பாருங்கள்.

தங்கச்சி அன்று இரவு எங்கள் வீட்டிலேயே தங்கிக் கடிதத்தைத் திருத்தினாள். மூன்று பக்கம் ஒரு பக்கமானது. அடுத்த நாள் காலை தபாலகம் திறந்ததும் பதிவு செய்து, பற்றுச்சீட்டைப் பிரதியின் பின்னால் ஒட்டிக்கொண்டு வெல்லாவெளி பஸ் ஏறினாள். நினைவூட்டல் போட வேண்டிய திகதியை என் வீட்டுக் கலண்டரிலும் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.